தானாக நின்ற கார்

மயிலாடும்பாறை போகும் தார்ச்சாலையில் கொள்ளுச் செடி பரப்பிக் கிடக்கிறது. வண்டிகள் ஏறி மிதித்தால்தான் கொள்ளு உதிரும். ஓரத்தில் சங்கிலியம்மாள் மட்டும் சாலைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். டவுன் பஸ் வருகிறது. அவள் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி, வேகம் குறையாமல் ஏறிப் போகிறது. பாதம் அசையவே இல்லை. டிரைவருக்கும் அவளுக்கும் அந்த ஒரு சாண் போதும். தூசி வெயிலில் மினுங்கியபடி அவள் தலைமேல் இறங்குகிறது.

பின்னால் வந்த வெள்ளைக் கார் சடக்கென்று நிற்கிறது. உள்ளே ஏதோ கீச்சிடுகிறது. ஓட்டி வந்த பெனிட்டா டீச்சர் கண்ணாடியை இறக்குகிறாள்.

“எல்லாரும் ஏத்திட்டுத்தான் போறாக. செடிதான, போத்தா,” என்கிறாள் சங்கிலியம்மாள்.

“நான் நிப்பாட்டல பெரியம்மா. வண்டியே பிரேக் போட்டுருச்சு. செடிக்கில்ல, ஒங்க காலுக்கு. குறுக்க ஆளு இருந்தா நின்னுரும்.”

“எனக்காகவா நிக்கிது?”

“ஆமா. கால மடக்குங்க, போயிருவேன்.”

வெயிலிலும் எரிகிற அதன் இரண்டு விளக்குகளைச் சங்கிலியம்மாள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சாலையில் வேறு சத்தமில்லை. காய்ந்த நெற்று ஒன்று எங்கோ வெடிக்கிறது.

“எந்த ஊருத்தா நீ?” என்று கேட்கிறாள். கால் நீட்டியபடியே இருக்கிறது.