சம்பந்தி வீட்டு மை

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த நேச நாட்டை லாரிக்காரர்கள் சம்பந்தி வீடு என்றுதான் சொல்வார்கள். அங்கே தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையில், சூசை வழக்கம்போல வாழைக்காய் ஏற்றிக்கொண்டு போனபோது பாலத்தின் நடுவில் புதிதாக ஒரு கேட் நின்றது. எத்தனையோ வருஷமாக அவனோடு டீ குடித்த சுங்க அதிகாரி கேட்டுக்கு அந்தப்புறம் இருந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை.

“என்ன சம்பந்தி, விளையாடுறீங்களா? காயெல்லாம் பழுத்துரும்.”

“புது அரசாங்கம் வந்திருச்சு சூசை. வெளிச்சரக்கு எதுவும் வேண்டாம்னு ஓட்டுப் போட்டுட்டாங்க.”

“உங்க ஜனங்க போட்ட ஓட்டுக்கு எங்க வயித்துல ஏன் அடிக்கிறீங்க? நாங்க என்ன பண்ணோம்?”

அதிகாரி அப்போதுதான் அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

“நீங்களுந்தானே போட்டீங்க” என்றார்.

கேட் கம்பியைப் பிடித்திருந்த தன் இடது கையைச் சூசை பார்த்தான். ஆள்காட்டி விரலில், நகமும் தோலும் சேரும் இடத்தில், வண்டி எடுக்கும்போது இல்லாத ஓட்டு மை ஈரக் கோடாக மின்னியது. லுங்கியில் துடைத்தான். எச்சில் தொட்டுத் தேய்த்தான். போகவில்லை. பின்னால் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. திரும்பினான். டிரைவர்கள் எல்லோரும் கீழே இறங்கி, தங்கள் கைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சூசை ஓடிப்போய் லாரியில் ஏறித் தார்ப்பாயை விலக்கினான். விடியும்போது அவன் கண்முன்னால் வெட்டி ஏற்றிய பச்சைக் காய்கள்தான். சீப்புக்குச் சீப்பு, ஒவ்வொரு காயின் நுனியிலும் மை இன்னும் காயாமல் இருந்தது.