கழன்றுபோன கையுறை

மாம்பழம் விற்ற கையோடு ஒஃபேலியா, கறிக்கடை வைத்திருக்கும் தன் கணவன் ருதீலியோவை விளையாட்டுச் சாமான் கடைக்கு இழுத்து வந்திருந்தாள். நான்காவது ஜோடி கோல்கீப்பர் கையுறையை அவளே அவனுக்கு மாட்டிவிட்டாள்.

“விரல் நுனி முட்டுதா?”

“லேசா.”

“லேசாக்கூட முட்டக் கூடாது. பந்து பட்டா நகம் பேந்துடும். கழட்டுய்யா.”

கடைக்காரர் லுபெர்சியோ அடுத்த அளவை எடுத்துக் கொடுத்தார். ஒஃபேலியா மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிவிட்டு, உறையைப் பிடித்துப் பலமாக இழுத்தாள். ருதீலியோதான் தடுமாறி அவள்மேல் விழுந்தான், உறை அசையவில்லை. கூடையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து எறிந்தாள். அது அவன் உள்ளங்கையில் அப்படியே நின்றது.

“இதுதான் சரி!”

“ஏம்மா, சந்தைத் திருவிழா ஆட்டத்துக்கா இவ்வளவு பாடு?” என்று கேட்டார் கடைக்காரர்.

“போன வருஷம் இந்த மனுஷனோட பழைய உறை கழண்டு, பந்தோட சேர்ந்து வலைக்குள்ள போயிடுச்சு அண்ணே. அந்த ஒரே கோல்லதான் கறிக்கடை அணி தோத்துச்சு. இந்த வருஷம் அப்படி ஆகவே கூடாது.”

லுபெர்சியோ உருகிவிட்டார். “புருஷன்மேல என்ன பாசம்! குடுத்து வச்சவன்டா நீ.”

“நீங்க வேற!” என்றான் ருதீலியோ, உறையைத் தடவியபடி. “பழக்கடை அணிக்காக அந்த கோலை அடிச்சதே இவதான். உறை கழண்டதால அது கோலே இல்லைன்னு வருஷம் பூரா சொல்லிட்டிருந்தேன்.”

ஒஃபேலியா சிரித்துக்கொண்டே பர்ஸைத் திறந்தாள்.

“ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல நான் கோல் அடிச்சதும் என்ன சாக்கு சொல்றார்னு பாக்கறேன்.”