சாம்பியனின் கையும் முப்பிடாதியின் கழுத்தும்

நார்வே நாட்டுக் கூண்டுச்சண்டை சாம்பியன் டோர்வால்ட் அவர்களுக்கு, கடையநல்லூர் கண்டக்டர் முப்பிடாதியின் தகப்பன் எழுதுவது. தங்கள் பதில் புதன்கிழமை கிடைத்தது. கல்யாணம் நடந்த விதத்தை வரிசையாக எழுதுகிறேன்.

பஸ்ஸில் வம்பு செய்பவர்களைச் சமாளிக்க, டெப்போவில் என் மகள் உடம்பில் ஒரு சிப் வைத்துத் தங்கள் சண்டை அசைவுகளை ஏற்றிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு இறக்க முடியாது. இருபத்தாறு போட்டிகளில் தாங்கள் ஒருவரையும் கழுத்தைத் தொட விட்டதில்லை என்று படித்தபோது பெருமைப்பட்டேன். நிச்சயதார்த்தத்தில் மாலை போட வந்த மாப்பிள்ளை இசக்கிதுரை தரையில் மல்லாந்த பிறகுதான் பயம் வந்தது. மாலைக்கே இப்படியென்றால் தாலிக்கு?

"இந்தச் சம்பந்தமே வேண்டாம்வே. எம் பையன் முழுசா வீடு வரணும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"நான் என்னப்பா செய்ய? கை தானால்லா போகுது" என்று மகள் அழுதாள். அதனால்தான் தங்களுக்கு எழுதினேன்.

தாங்கள் சொன்னபடியே, முகூர்த்தத்தில் மாப்பிள்ளை முதலில் அவள் தோளில் மூன்று முறை தட்டினார். கூண்டில் இப்படித் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்பவரைத் தாங்கள் அந்த நொடியே விட்டுவிடுவது போல, உயர்ந்த அவள் கைகளும் தளர்ந்து இறங்கின. மூன்று முடிச்சும் விழுந்தது.

"தாலி கட்டுததுக்கு முன்னாலயே சரணடைஞ்ச மொத மாப்பிள்ளை நீதாம்ல!" என்று அவர் சிநேகிதன் கத்த, மண்டபமே சிரித்தது.

தோற்றவரைத் தூக்கிக்கொண்டு கூண்டைச் சுற்றிவருவது தங்கள் வழக்கம் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அக்னியை வலம் வந்தபோது மாப்பிள்ளையின் கால் தரையில் படவே இல்லை.