பிலிமுக்கு அடியில் ஒரு பொட்டு

இரும்புலியூரில் எங்கள் எதிர்வீட்டு ஸ்ரீநிவாசராகவன் புதுக் காரின் பானெட்டில் கீறல் விழாமலிருக்கக் கண்ணாடி போன்ற பிலிம் ஒட்டியபோது, பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டைத் துடைக்க மனைவி லோகநாயகி விடவில்லை. அதன்மேலேயே ஒட்டினார்கள்.

அந்தம்மா போய் இரண்டு வருஷம். போன மாதம் மஞ்சளடித்த பிலிமை உரித்தபோது, பெயிண்டும் பொட்டுமாகப் பெயர்ந்து வந்துவிட்டது.

"பெயிண்டுக்கா சார் இப்படி அழறீங்க?" என்றேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"பெயிண்ட் கிடக்கட்டும் சார். அவ வச்ச பொட்டு போச்சே."

புதுப் பெயிண்ட், புதுப் பிலிம். கடையிலிருந்து வண்டி சுத்தமாகத்தான் வந்தது, நானே பார்த்தேன். வெள்ளிக்கிழமை அதே இடத்தில் குங்குமம். நகத்தால் சுரண்டினேன். பிலிமுக்கு அடியில் இருந்தது.

முன்பெல்லாம் மார்க்கெட் போக என்னைத் துணைக்குக் கூப்பிடுவார். இப்போது கூப்பிடுவதில்லை. இடது கதவைத் திறந்து, கொஞ்சம் காத்திருந்து, மெதுவாகச் சாத்திவிட்டுக் கிளம்புகிறார்.