ஆறாவது படம்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு ஆள் வேண்டும். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பிறகு பதினேழு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு பேர் கேட்டிருந்தார்கள்.

ஆள் தெரிவுசெய்யக் கொழும்பிலிருந்து வந்த மிஸ் ஆளுக்கொரு கைக்கண்ணாடியும் கலர்ப் பெட்டியும் கொடுத்து, அவரவர் முகத்தை அவரவரே வரையச் சொன்னார். குணம் அதில் தெரிந்துவிடுமாம். பொட்டு வைக்கவே கண்ணாடி பார்க்க நேரமில்லை, இதில் படம் வேறயா என்று சிரித்துக்கொண்டுதான் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு கஜேந்திரன்தான் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாக மலையில் இந்தப் பெண்களை வேலை வாங்குகிறவர். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நிற்கிறவளின் முகத்தைப் பார்த்தே, இன்றைக்கு எத்தனை கிலோ எடுப்பாள் என்று சொல்லிவிடுவேன் என்பார்.

மேசையில் ஆறு படங்கள். ஐந்தில் சிரிப்பு. பிரேமினி தன்னிடம் இல்லாத தோட்டைக்கூட வரைந்திருந்தாள்.

ஆறாவது நாகலெட்சுமியுடையது. கழுத்து தோளுக்குள் புதைந்திருந்தது. உதடு ஒரு கோடு. கண் தரையைப் பார்த்தது.

மிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதை உள்ளபடி வரைந்தவள் இவள் ஒருத்திதான், ஆனால் ஏன் இப்படி ஒரு முகம் என்று கேட்டார்.

மனதில் கள்ளம் இருக்கிறது என்றார் கஜேந்திரன். சின்னப் பிள்ளைகள் கண்டால் வீரிட்டு அழும்.

மிஸ் பேனாவை எடுத்தார். ஆனால் எழுதவில்லை. அவளையே கேட்டுவிடுவோம் என்றார்.

வெளியே காத்திருந்த நாகலெட்சுமி ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. இனி மலையேறினால் நடையே போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இந்த வேலையும் இல்லையென்றால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

"முதுகுல கூடை இல்லாமலே இந்த நடையா?" என்ற கஜேந்திரன், படத்தைத் தட்டினார். "மூஞ்சிய ஏன் இப்பிடி வச்சு வரைஞ்சேன்னு மிஸ் கேக்குறாங்க."

அவள் மிஸ்ஸைப் பார்த்தே சொன்னாள்.

"நா எப்பவும் இப்பிடி இல்லீங்க மிஸ். கண்ணாடியில தெரிஞ்சதத்தான் வரைஞ்சேன். வரையிறப்ப எம் முதுகுக்குப் பின்னால கண்டாக்கையா நின்னுக்கிட்டிருந்தாங்க."

மிஸ் புரியாமல் கஜேந்திரனைப் பார்த்தார்.

கஜேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்:

"அவ மொகம் எப்பவுமே இப்பிடித்தானாம், மிஸ்."