ஜெபச் சீட்டு

ஞாயிறு காலை. தேவாலயத்தின் பக்க அறையில் உட்கார்ந்து மணியடிப்பவர் ஆராதனைக்கான ஜெபச் சீட்டை எழுதுகிறார். ஆட்சி கைமாறிக்கொண்டே இருந்ததால் 'நாட்டை ஆளுகிறவர்' என்ற இடத்தில் ஒரே வாரத்தில் மூன்று பெயர்களை எழுதி அழித்ததில் தாள் ஓட்டையாகி, அதன் வழியே மேசை ஆணி எட்டிப் பார்க்கிறது. இருக்கட்டும், ஆணிக்கும் சேர்த்து ஆமென் சொன்னால் போகிறது. தெருவில் ராணுவ வண்டி ஒன்று போக, நற்கருணைக் கிண்ணம் தட்டில் கிணுகிணுக்கிறது. மனைவி அதை ஒரு விரலால் அமர்த்துகிறாள். செவ்வாய்க்கிழமை ஊர்வலத்தில் ராணுவம் பிடித்துக்கொண்டு போன மகனைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. "என்னங்க, அவன் பேரை எங்க எழுதப்போறீங்க?" பென்சில் 'நோயாளிகள்' என்ற தலைப்பின் மேல் நிற்கிறது. பிறகு 'மரித்தோர்' பக்கமாக நகர்கிறது. "அங்க வேண்டாம்." அவள் குரலில் அழுகைகூட இல்லை. "நான் எங்க எழுதினேன், கை சும்மா அந்தப் பக்கம் போச்சு." இன்னும் கீழே இறங்கி, 'பிரயாணம் செய்கிறவர்கள்' என்பதற்கு அடியில் மகனின் பெயரைக் கோணாமல் எழுதுகிறார். "பிரயாணமா?" என்கிறாள். "வண்டியிலதானே ஏத்திட்டுப் போனாங்க." அவள் தாளை ஜன்னல் வெயிலில் பிடித்து அந்த வரியை வெகுநேரம் பார்க்கிறாள். "திரும்பி வர்றதுக்கும் சேத்துத்தானே ஜெபிப்பாங்க?" "சேத்துத்தான்," என்று சொல்லிவிட்டு, மணிக்கயிற்றைப் பிடிக்க எழுந்து போகிறார்.