காரணம் எழுதவும்

அவர் எழுந்தார், பல் தேய்த்தார், டீ குடித்தார், படிவங்களைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே வீடுகளில் அதே கேள்விகளைக் கேட்கும் கருத்துக்கணிப்பு வேலை. இன்று முதல் வீடு, மூன்றாவது மாடியில் தையல்கார அக்காவுடையது.

அக்கா அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் படித்துவிட்டு மெஷினை ஓட்டத் தொடங்கினார். "கேளுங்க தம்பி, காது சும்மாத்தான் இருக்கு."

"நாட்டுப் பொருளாதாரம் எப்படிக்கா?"

"பழைய துணியைப் பிரிச்சுத் தைக்கத்தான் ஆள் வருது. மோசம்னு போடுங்க."

"ஜனநாயகம்?"

"அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை அளவெடுத்துட்டுப் போறாங்க. சட்டைதான் வந்தபாடில்லை."

சிரித்துக்கொண்டே எழுதினார். "ஊழல்?"

"குறைஞ்சிருக்கு."

பேனா நின்றது. போன முறை இதே வீட்டுப் படிவத்தில் 'மிக அதிகம்' என்று இருந்தது. பதில் இப்படித் தலைகீழானால் காரணம் எழுத வேண்டும். காரணமில்லாத படிவம் இனி ஒன்று வந்தாலும் வேலை போய்விடும் என்று மேலாளர் நேற்றுத்தான் சொல்லியிருந்தார்.

"விளையாடாதீங்கக்கா. காரணம் எழுதலேன்னா என் வேலைக்கே உலை வச்சிருவாங்க. எதை வச்சுக் குறைஞ்சிருக்குன்னு சொல்றீங்க?"

அக்கா மெஷினை நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்தார்.

"போன தடவை நீங்க வராமலே என் பதிலையெல்லாம் எழுதிட்டீங்க. ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி, உங்க பேரைச் சொல்லி, வந்தாரான்னு கேட்டாங்க. பாவம்னு, வந்தாருன்னுட்டேன். இந்தத் தடவை மூணு மாடி ஏறி நேர்லயே வந்திருக்கீங்க. ஊழல் குறைஞ்சிருக்கா இல்லையா? அதையே காரணமா எழுதிக்குங்க."